கம்ப்யூட்டர் கிட்டாரும் வாத்தியாரின் இடது கையும்

நம் வயதுக்காரர்களிடம் கிட்டார் என்று சொன்னால் உடனே ‘இளைய நிலா’ என்பார்கள். 1982இல் வந்த ‘பயணங்கள் முடிவதில்லை’ படப் பாட்டு. இளையராஜா இசையில் ஆர். சந்திரசேகர் வாசித்த அந்தக் கிட்டாரைக் கேட்டுவிட்டு வில்லியனூர், பாகூர் பக்கத்தில் பல பேர் கிட்டார் வாங்கினார்கள். வாங்கியவர்களில் பாதிப் பேர் ஒரு மாதத்தில் அதைப் பரணில் ஏற்றிவிட்டார்கள். ஒவ்வொரு தந்தியாக விரலால் எடுத்து வாசிக்கும் வேலை அது, அவ்வளவு சுலபத்தில் வராது.

ஆனால் மெல்லிசைக் கச்சேரி மேடையில் கிட்டார்காரருக்கு முக்கால்வாசி வேலை அதுவல்ல. பிளெக்ட்ரத்தைப் பிடித்துக்கொண்டு எல்லாத் தந்திகளையும் சேர்த்து மேலும் கீழும் தடவிக்கொண்டே இருப்பதுதான் வேலை. அதற்கு ஸ்டிரம்மிங் என்று பெயர். பாட்டு முழுக்க அது இருக்கும், யாரும் கவனிக்க மாட்டார்கள். நடுவில் நின்றுபோனால்தான் எல்லோரும் மேடையைத் திரும்பிப் பார்ப்பார்கள்.

அந்த ஸ்டிரம்மிங்கைக் கம்ப்யூட்டரில் கொண்டுவருவதைப் பற்றித்தான் இந்தப் பதிவு. ஓய்வு பெற்று 7 வருடம் ஆன, அதுவும் கிட்டாரே வாசிக்கத் தெரியாத எனக்கு இந்த வேலை எதற்கு என்று கேட்பீர்கள். சொல்கிறேன்.

எங்கள் குழுவில் நான் பாங்கோஸ். கிட்டார் வாசித்தவர் பாகூர் கொம்யூனில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆசிரியர். என்னைவிட மூன்று வயது மூத்தவர். குழுவில் எல்லோருக்கும் அவர் ‘வாத்தியார்’தான். வில்லியனூர் தேர், மாதா கோயில் திருவிழா, திருக்காஞ்சி மாசி மகம் என்று ஒரு வேனில் பதினோரு பேர் ஏறிப் போவோம். கிட்டாருக்கு ஒருவர், பேஸுக்கு ஒருவர், அக்கார்டியனுக்கு ஒருவர்.

1992இல் ‘ரோஜா’ வந்தது. சினிமாவில் ஏ.ஆர். ரஹ்மான் கம்ப்யூட்டரையும் சின்தசைசரையும் வைத்து என்னென்ன செய்தார் என்பது வேறு கதை. எங்கள் ஊர் மேடைக்கு அந்தக் காலம் வேறு மாதிரி வந்து சேர்ந்தது. தானே தாளம் போட்டு, தானே பேஸ் வாசித்து, தானே கிட்டார் மாதிரியும் ஒலிக்கும் கீபோர்டுகள் வந்தன. ஒரு ஆள் வாசித்தால் நான்கு ஆள் சத்தம். விழாக் கமிட்டிக்காரர்களும் கணக்குப் பார்ப்பார்கள் அல்லவா? வேனில் பதினோரு பேர் ஏழானார்கள், பிறகு ஐந்து. வாத்தியார் யாரையும் கோபித்துக்கொள்ளவில்லை. கிட்டாரைப் பள்ளிக்கூடத்துக்கு எடுத்துப் போனார். பிள்ளைகளுக்குத் தானே பாட்டு எழுதி, தானே மெட்டுப் போட்டு, பிரேயரிலும் ஆண்டு விழாவிலும் பாட வைத்தார். அப்படி ஏழு பாட்டு.

இரண்டு வருடத்துக்கு முன் அவருக்குப் பக்கவாதம் வந்தது. குழறிய பேச்சு தேறிவிட்டது. நடக்கிறார். வலது கை மட்டும் சொன்னபடி கேட்பதில்லை. டம்ளரைப் பிடிக்கும், பிளெக்ட்ரத்தைப் பிடிக்காது. ஏழு பாட்டையும் பதிவு செய்த ஒரே கேசட் பூஞ்சை பிடித்து நாடா ஒட்டிக்கொண்டுவிட்டது. அவரிடம் படித்த பெண் ஒருத்தி இப்போது டீச்சர். “அந்தப் பாட்டையெல்லாம் என் கிளாஸ் பிள்ளைகளுக்குச் சொல்லித் தரணும் சார், கிட்டாரோட பதிவு பண்ணிக் குடுங்க” என்று கேட்டிருக்கிறாள். அந்தப் பாட்டுகள் இப்போது வாத்தியாரின் மண்டைக்குள் மட்டும்தான் இருக்கின்றன. அவருக்கு எழுபது வயது.

வேறு கிட்டார்காரரை வைத்து வாசிக்கலாமே என்றேன். “அவன் அவன் கையைத்தானே வாசிப்பான்” என்றார். சரி, கம்ப்யூட்டரில் செய்வோம் என்றேன். “என்னை மேடையிலேருந்து இறக்கினதே அதானே தம்பி” என்று சிரித்தார். வேண்டாம் என்று சொல்லவில்லை.

என் மகன் பழைய லேப்டாப்பில் ஒரு கிட்டார் மென்பொருளைப் போட்டுக் கொடுத்தான். இவை இரண்டு வகை. ஒன்று, ஒரு கிட்டார்காரர் வாசித்த ஸ்டிரம்மிங்கை முழுசாகப் பதிவு செய்து வைத்திருக்கும். நாம் கார்டைச் சொன்னால் அந்த வாசிப்பை நம் வேகத்துக்கு ஒலிக்கும். நேட்டிவ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் கம்பெனியின் செஷன் கிட்டாரிஸ்ட் அந்த மாதிரி. கேட்க அழகாக இருக்கும், ஆனால் வாசிப்பு அந்த ஆளுடையது. இரண்டாவது வகையில், தந்தி தந்தியாக, சுரம் சுரமாகப் பதிவு செய்திருப்பார்கள். எந்தத் தந்தி, எப்போது, எவ்வளவு பலமாக என்பதை நாம் முடிவு செய்யலாம். ரியல்கிட்டார், ஆம்பிள் கிட்டார் போன்றவை இந்த வகை. வாத்தியாரின் வாசிப்பு வேண்டும் என்றால் இரண்டாவதுதான் வழி.

இதற்கெல்லாம் அடியில் ஓடுவது மிடி என்ற ஏற்பாடு. 1983 ஜனவரியில் அமெரிக்காவில் நடந்த இசைக்கருவிக் கண்காட்சியில் இரண்டு வேறு கம்பெனிகளின் சின்தசைசர்களை ஒரு ஒயரால் இணைத்து, ஒன்றை வாசித்தால் மற்றதும் ஒலிப்பதைக் காட்டினார்கள். அதற்குப் பாடுபட்ட டேவ் ஸ்மித், இகுதாரோ காகெஹாஷி இருவருக்கும் 2013இல் கிராமி விருது கொடுத்தார்கள். அந்த ஒயரில் போவது சத்தம் அல்ல, தகவல் மட்டும்தான். எந்தக் கட்டையை அழுத்தினாய், எப்போது, எவ்வளவு வேகமாக. பலத்துக்கு 1 முதல் 127 வரை எண். கணக்குப் பிரிவில் காலம் தள்ளிய எனக்கு இது பிடித்துப்போனது.

மென்பொருள் கொடுத்தபடியே ஒரு பாட்டின் கார்டுகளைப் போட்டு வாத்தியாரின் காதில் ஹெட்போனை மாட்டினேன். அரை நிமிடம் கேட்டார்.

“தம்பி, இவன் மூச்சே விடலையே” என்றார்.

ஏன் அப்படி என்று தேடினோம். முதல் விஷயம், கார்டு என்பது கீபோர்டில் ஒரே நேரத்தில் அழுத்துவது. கிட்டாரில் அது ஒரே நேரத்தில் ஒலிப்பதில்லை. டவுன் ஸ்ட்ரோக்கில் பிளெக்ட்ரம் மேலே இருக்கும் தடித்த தந்தியில் தொடங்கிக் கீழே மெல்லிய தந்தி வரை போகும். அப் ஸ்ட்ரோக்கில் மெல்லியதிலிருந்து மேலே வரும். ஆறு தந்திக்கு நடுவில் ஐந்து இடைவெளி. முழு ஸ்ட்ரோக்குக்கு 40 மில்லி செகண்ட் என்று வைத்தால் ஒரு தந்திக்கும் அடுத்ததற்கும் 8 மில்லி செகண்ட். ஒரு செகண்டில் ஆயிரத்தில் எட்டுப் பங்கு! காது அதை எண்ணாது, ஆனால் அது இல்லாவிட்டால் கண்டுபிடித்துவிடும். மென்பொருளில் இதற்கு ‘ஸ்டிரம் டைம்’ அல்லது ‘ஸ்டிரம் ஸ்பீடு’ என்று ஒரு திருகு இருக்கும். துள்ளலான பாட்டுக்கு 20, 25. தாலாட்டு மாதிரி போகும் பாட்டுக்கு 60, 70. எல்லாப் பாட்டுக்கும் ஒரே எண்ணை வைத்தால் ஒரே ஆள் ஒரே மனநிலையில் ஏழு பாட்டு வாசித்த மாதிரி இருக்கும்.

இரண்டாவது, எத்தனை தந்தி என்பது. ‘ஜி’ கார்டில் ஆறு தந்தியும் ஒலிக்கும். ‘சி’யில் ஐந்து, ‘டி’யில் நான்குதான். அப் ஸ்ட்ரோக் என்றால் கை எல்லாத் தந்தியையும் தொடுவதே இல்லை, மெல்லிய மூன்று தந்தியோடு விலகிவிடும். அப் ஸ்ட்ரோக்கிலும் ஆறையும் இழுத்தால் அது மூட்டை தூக்குகிற சத்தம். இதை மாற்றியதும் வாத்தியார் தலையை ஆட்டினார்.

மூன்றாவது, பலம். தாளத்தின் முதல் தட்டில் 100 என்றால், நடுவில் வரும் அப் ஸ்ட்ரோக்குகளுக்கு 60, 70 போதும்.

நான்காவதுதான் எனக்குச் சுவாரசியம். ஒரே பலத்தில் ஒரே சுரம் திரும்பத் திரும்ப வந்தால் மென்பொருள் ஒரே பதிவை ஒலித்து, தையல் மெஷின் மாதிரி ஆகிவிடும். அதற்காக ஒவ்வொரு சுரத்தையும் பல தடவை பதிவு செய்து மாற்றி மாற்றி எடுப்பார்கள். நல்ல மென்பொருளில் இது தானாக நடக்கும். அதோடு ‘ஹியூமனைஸ்’ என்று ஒரு திருகு. மனுஷன் வாசிக்கிற மாதிரி ஆக்குவதாம். அதைத் திருகினால் நேரத்தையும் பலத்தையும் சீட்டுக் குலுக்கிப் போடுவது போல் கொஞ்சம் கொஞ்சம் கலைத்துவிடும். பாதி வரை திருகி வாத்தியாரைக் கேட்கச் சொன்னேன்.

“இப்ப குடிச்சிட்டு வாசிக்கிறான்” என்றார்.

அவர் சொன்னது விளையாட்டுக்கு அல்ல. கை பிசகுவதற்கும் ஒரு காரணம் இருக்கிறது என்பதை அன்றைக்கு எனக்கு விளக்கினார். கார்டு மாறும்போது இடது கை பழைய இடத்தை விட்டு அடுத்த இடத்துக்குப் போக நேரம் வேண்டும். வலது கையோ நிற்காது. அதனால் மாறுவதற்கு முந்தைய கடைசி அப் ஸ்ட்ரோக்கில் பெரும்பாலும் எந்த விரலும் அழுத்தாத வெறும் தந்திதான் ஒலிக்கும், அதுவும் லேசாக. கேட்பவர்கள் அதைத் தனியாகக் கேட்பதில்லை. அதுதான் அவர் சொன்ன மூச்சு. குலுக்கல் சீட்டுக்கு இது தெரியாது. நடுக் கார்டில் தடுமாறும், தடுமாற வேண்டிய இடத்தில் சுத்தமாக வாசிக்கும். ஹியூமனைஸை ஏறக்குறைய பூஜ்யத்துக்குக் கொண்டுவந்துவிட்டு, கார்டு மாறும் இடங்களில் மட்டும் அந்த வெறுந்தந்தி அப் ஸ்ட்ரோக்கை நாங்களே வைத்தோம்.

பிறகு கை ஓட்டம். உலகம் முழுக்க வாசிக்கும் ஒரு சாதாரண ஸ்டிரம்மிங்: டவுன், டவுன் அப், அப் டவுன் அப். நான்கு தட்டுக்கு எண்ணினால் மூன்றாவது தட்டில் ஒன்றும் ஒலிக்காது. ஒலிக்காதே தவிர, கை அந்தத் தட்டிலும் கீழே இறங்கித்தான் வரும், தந்தியைத் தொடாமல். ஆதி தாளம் போடுகிறவர்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை. தட்டுக்கு அடுத்து வீச்சு வருகிறதே, அதில் சத்தம் உண்டா? ஆனால் வீச்சை விட்டுவிட்டால் தாளம் கெட்டுவிடும். கை நிற்காமல் ஆடுவதால்தான் அடுத்து வரும் அப் ஸ்ட்ரோக் சரியான இடத்தில், சரியான லேசில் விழுகிறது. எலியைப் பிடித்துத் திரையில் புள்ளி புள்ளியாக ஸ்ட்ரோக் வைத்துக்கொண்டிருந்தால் இது வராது. ஆடுகிற கை ஒன்று வேண்டும்.

அந்த மென்பொருளில் இன்னொரு வசதி இருந்தது. கீபோர்டின் ஒரு பக்கத்தில் கார்டை அழுத்தலாம், மறுபக்கத்தில் ஒரு கட்டை டவுன் ஸ்ட்ரோக், அடுத்த கட்டை அப் ஸ்ட்ரோக். கட்டையை எவ்வளவு பலமாகத் தட்டுகிறோமோ அவ்வளவு பலமாக ஒலிக்கும். ஒருவரே இரண்டு கையாலும் வாசிப்பதற்காகச் செய்தது. வாத்தியாருக்கு நன்றாக இருப்பது இடது கை. எனக்குப் பாங்கோஸ் அடித்த இரண்டு கை.

கட்டைகள் அதிகம் உள்ள ஒரு மிடி கீபோர்டை இரவல் வாங்கிக்கொண்டு கரிக்கலாம்பாக்கம் வழியாகப் பாகூர் போனேன். ஏரிப் பக்கம் அவர் வீடு. வாத்தியாருக்கு ஆர்மோனியம் தெரியும், ஆனால் அதில் இடது கைக்குத் துருத்தி போடுகிற வேலைதானே! இடது விரல்களுக்குக் கட்டைகள் புதிது. சி, ஏ மைனர், எஃப், ஜி என்று நான்கு கார்டு சரளமாக வர மூன்று வாரம் ஆனது. எழுபது வயதில் மூன்று வாரம் என்பது பெரிய விஷயம். தினம் காலையில் ஒரு மணி நேரம் சாதகம் செய்தாராம். வலது கைக்குச் சொல்லிக் கொடுத்த உடற்பயிற்சியைக்கூட அவ்வளவு ஒழுங்காகச் செய்யவில்லை என்று அண்ணி குறைப்பட்டுக்கொண்டார்கள்.

சேர்ந்து வாசிக்க உட்கார்ந்தபோது ஒரு தொந்தரவு. நான் தட்டியதற்கும் சத்தம் வருவதற்கும் நடுவில் ஒரு தாமதம். தோல் வாத்தியம் வாசித்த கைக்கு அது எரிச்சல். மகனைப் போனில் கேட்டேன். ‘பஃபர்’ என்ற எண் 1024 என்று இருந்தது. நொடிக்கு 44,100 மாதிரி என்ற கணக்கில் அது 23 மில்லி செகண்ட். 256 ஆக்கியதும் ஏறக்குறைய 6க்கு வந்தது. லேப்டாப் கொஞ்சம் திணறியது, வேறு எல்லாவற்றையும் மூடிவிட்டோம்.

இன்னொன்று, வாத்தியார் கார்டை நான் தட்டும் அதே நொடியில் அழுத்தினால் மென்பொருள் குழம்பிப் பழைய கார்டையே ஒலிக்கும். “இதுல என்ன அதிசயம்? கிட்டார்லயும் இடது கை முதல்ல, வலது கை அப்புறம்தான்” என்றார். ஒரு இமைப்பொழுது முன்னால் அழுத்தினார். சரியாகிவிட்டது. எனக்கும் ஒரு பாடம் சொன்னார். தட்டு விழும் நொடியில் பிளெக்ட்ரம் தந்திகளின் நடுவில் இருக்க வேண்டும், அதற்குக் கை கொஞ்சம் முன்பே கிளம்பிவிடும். மென்பொருளோ சரியாகத் தட்டில்தான் முதல் தந்தியைத் தொடும், அதனால் பாட்டு இழுக்கிற மாதிரி தோன்றும். பதிவு செய்த பிறகு அந்த டிராக் முழுவதையும் 15 மில்லி செகண்ட் முன்னால் நகர்த்தினோம். பாங்கோஸோடு ஒட்டிக்கொண்டது.

முதல் பாட்டை முழுசாக வாசித்து முடித்தோம். அவர் இடது கையில் கார்டு, என் இரண்டு விரலில் ஸ்ட்ரோக். திண்ணையில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்த அண்ணி எழுந்து வந்து, கிட்டார் சுவரில் மாட்டியபடியே இருக்கிறதா என்று பார்த்தார்கள். ஒன்றும் சொல்லவில்லை. திரும்பிப் போய் உட்கார்ந்துகொண்டார்கள், கீரையில் கை போகவில்லை.

வாத்தியார் ஹெட்போனில் இரண்டு தடவை கேட்டார். “ரெண்டாவது அடியில அப் ஸ்ட்ரோக் கொஞ்சம் பலம். நான் அப்படி வாசிக்க மாட்டேன்” என்றார். ‘இவன்’ என்று சொல்லவில்லை.

இந்த வேலையில் இறங்க நினைப்பவர்களுக்கு, எங்கள் அனுபவத்தில் தேறிய சில குறிப்புகள்:

பிள்ளைகளின் குரலுக்கு சுருதி ஏற்ற வேண்டும் என்றால் கீபோர்டில் டிரான்ஸ்போஸ் செய்யாதீர்கள். மென்பொருளில் கேப்போ இருந்தால் அதைப் போடுங்கள். மூன்றாவது ஃப்ரெட்டில் கேப்போ போட்டால் ‘சி’ வடிவம் ‘ஈ ஃப்ளாட்’ ஆகிவிடும், கிட்டாரின் கணீர் ஒலியும் கெடாது.

பதிவு செய்ததைக் ‘குவாண்டைஸ்’ செய்தால் எல்லாத் தட்டும் நூல் பிடித்தாற்போல் வந்துவிடும். அதை முழுசாகச் செய்யாதீர்கள். தேவைப்பட்டால் 50 சதவீதம். நாங்கள் இரண்டு இடத்தில் மட்டும் செய்தோம்.

இரண்டு கிட்டார் வாசிப்பது போல் நிறைவாக வேண்டும் என்றால் ஒரே பதிவை நகல் எடுத்து இடப்பக்கமும் வலப்பக்கமும் வைத்துப் பயனில்லை. இன்னொரு தடவை உட்கார்ந்து வாசியுங்கள். இரண்டு வாசிப்புக்கும் உள்ள சின்ன வித்தியாசம்தான் அந்த நிறைவு.

விரல் தந்தியில் உரசும் ‘கிரீச்’ சத்தத்தைச் சேர்க்கவும் ஒரு திருகு உண்டு. நிஜம்போல் இருக்கும் என்று கூட்டத் தோன்றும். குழம்பில் பெருங்காயம் அளவு போதும்.

பணம் கொடுத்து வாங்குவதற்கு முன், ஆம்பிள் கிட்டாரில் இலவசமாகக் கிடைக்கும் சின்னப் பதிப்பு ஒன்று இருக்கிறது. ஸ்டிரம்மிங் பழகிப்பார்க்க அது போதும்.

ஏழு பாட்டில் நான்கு முடிந்து அந்த டீச்சரின் போனுக்குப் போய்விட்டது. ஐந்தாவது பாட்டு மூன்று தட்டில் போகும் ஊஞ்சல் பாட்டு. அதில் ஸ்டிரம் டைம் 70 வைத்திருக்கிறோம், வாத்தியாருக்கு இன்னும் திருப்தி இல்லை. 80 வைத்துப் பார்க்கலாம் என்கிறார். வரும் சனிக்கிழமை மறுபடி உட்கார்கிறோம்.